சின்னப்பிள்ளை மெனுவும் ஒரு கரிமீனும்

குமுளியில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். ரூம் புக்கிங் முழுக்க என் பொறுப்பு. மதுரை, திண்டுக்கல், விருதுநகர், சென்னை என்று வருகிற போனெல்லாம் பெரும்பாலும் தமிழ்தான். என்றைக்கு வருகிறீர்கள், எத்தனை பேர் என்று கேட்டபின் மூன்றாவதாக நான் கேட்பது: "பிள்ளைகளுக்கு என்ன வயசு சார்?"

அந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நிற்கும். உண்மை வயதைச் சொல்வதா, ஒன்றிரண்டு குறைப்பதா என்று யோசிக்கிறார்கள். ஒருவர் பையனுக்குப் பதினொன்று என்று அழுத்திச் சொல்லி பிள்ளைக் கட்டணத்தில் புக் பண்ணினார். கால் மணி நேரம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். "மேடம், அன்னைக்குப் பையனுக்குப் பொறந்தநாள். ஒரு கேக் சொல்லிருங்க. மேல பதிமூணுன்னு நம்பர் மெழுகுவர்த்தி வைக்கச் சொல்லுங்க." நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேக் போனது.

எங்கள் பக்கத்து ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் ஐந்து வயது வரை கட்டணம் கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைக் கட்டணம், அதாவது ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் பெரியவர் கணக்கு. ரயிலில் ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் அரை டிக்கெட், ஆனால் 2016-லிருந்து பெர்த் கேட்டால் அந்தப் பிள்ளைக்கும் முழு டிக்கெட். அமெரிக்காவில் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டு பிளான் எடுத்தால் பத்து வயதிலேயே பிள்ளை பெரியவர் ஆகிவிடுகிறது. மூன்றிலிருந்து ஒன்பது வரைதான் அங்கே குழந்தை. என் சித்தி மகன் அங்கே போய் வந்து, "பத்து வயசுப் பொண்ணுக்கு எனக்குக் கட்டுன அதே காசு கட்டுனேன்க்கா" என்று புலம்பினான். எந்த பிளான் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை, பிறந்த தேதிதான் முடிவு செய்யும். நம் ஊரில் அந்த விஷயத்தில் கொஞ்சம் நெளிவுசுளிவு உண்டு. அந்த நெளிவுசுளிவில்தான் நானே போன வருஷம் விழுந்தேன்.

எங்களுக்கு ஏப்ரல், மே என்றால் மூச்சு விட நேரம் இருக்காது. வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் லோயர் கேம்பிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருவார், பிறகு நாள் முழுக்க டூரிஸ்ட் சவாரி. ஊரே லீவுக்கு எங்கள் ஊருக்கு வரும்போது நாங்கள் எங்கே போவது? மே கடைசி வாரம்தான் கொஞ்சம் காலியாகும். 2025-ல் ஜூன் 2 பள்ளி திறப்பு. அதற்குள் ஒரு இரண்டு ராத்திரி கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆலப்புழை பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில் புக் பண்ணினேன். பெயர் வேண்டாம், தொழிலில் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். எம்.ஏ.பி. பிளான், அதாவது ரூமோடு காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும். (காலை மட்டும் என்றால் சி.பி., மூன்று வேளையும் என்றால் ஏ.பி. இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.) ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெரியவருக்கு 850, பிள்ளைக்கு 450. மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஆறு. இரண்டு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை பிளான் போட்டேன். மகள் கணக்கில் மட்டும் இரண்டு ராத்திரிக்கு 800 ரூபாய் மிச்சம்.

அந்த வருஷம் பருவமழைக்குப் பொறுமை இல்லை. மே 24-ஆம் தேதியே கேரளாவில் இறங்கிவிட்டது. மறுநாள் கொச்சிக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த கன்டெய்னர்கள் கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் ஒதுங்க ஆரம்பித்தன. கடல் மீன் வாங்கவே ஜனங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரம். புக் பண்ணியிருந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கேன்சல் பண்ணிவிட்டார்கள். நாங்கள் மட்டும் 27-ஆம் தேதி காலை, கொட்டுகிற மழையில் பீருமேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று இறங்கிப் போனோம்.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பஃபே மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. மேலே பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

"ஆறு முறியே உள்ளூ சேச்சி. இன்னைக்கு பஃபே இல்ல, மெனு கார்டுதான்" என்றார் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் கேப்டன். முறி என்றால் ரூம்.

இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆள் குறைந்தால் பஃபே போட மாட்டார்கள், கட்டுப்படியாகாது. எங்கள் தேக்கடியிலும் ஜூன், ஜூலையில் இதே கதைதான். பஃபே இருந்தால் பிள்ளை பிளானில் போகிற குழந்தையும் பெரியவர் எடுக்கிற அதே கரண்டியில்தான் எடுக்கும், பாதிக் காசுக்கு முழுச் சாப்பாடு. பஃபே இல்லையென்றால் ஆட்டமே வேறு. பெரியவருக்கு சூப், ஸ்டார்ட்டர், ஏதாவது ஒரு மெயின், அப்பமோ சோறோ, கடைசியில் இனிப்பு. பிள்ளைக்குத் தனி அட்டை.

அந்த அட்டை வந்தது. யானை போட்ட அட்டை. யானைக்கு வண்ணம் தீட்ட நாலு கிரேயான், ரப்பர் பேண்டில் கட்டியது. உள்ளே ஃபிங்கர் சிப்ஸ், சீஸ் சாண்ட்விச், தக்காளி சாஸ் பாஸ்தா, சிக்கன் நக்கெட்ஸ், ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீம். மகன் கிரேயானைப் பிடுங்கிக்கொண்டான். மகள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் யானையின் முதுகு.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளர்கிற பிள்ளை. ஸ்கூல் விட்டு வந்ததும் கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும் ஒரு தட்டு, ராத்திரி நாலு தோசை. என்னைவிட அதிகம் சாப்பிடுவாள். ஒன்றும் பேசாமல் பாஸ்தா சொன்னாள். நான் சப்பாத்தியும் காய்க்கறி ஸ்டூவும் சொன்னேன், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவர் சிக்கன் ரோஸ்ட் சொன்னார்.

பாஸ்தா ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்தது. இனிப்பாக இருந்தது. அவள் நாலு வாய் சாப்பிட்டு ஃபோர்க்கைக் குறுக்கே வைத்த நேரம், பக்கத்து மேஜைக்குக் கரிமீன் பொள்ளிச்சது போனது. வாழையிலையைப் பிரித்தார்கள். சுட்ட இலை வாசனையும், சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் வதங்கிய வாசனையும் நேராக எங்கள் மேஜைக்கே வந்தன. மீன் முழுசாக, தலையோடு, மசாலாவுக்குள் புதைந்து கிடந்தது. காயல் மீன், கடல் மீன் இல்லை, அதனால் யாருக்கும் பயமில்லை. மகள் மீனைப் பார்க்கவில்லை. யானையின் காதுக்குச் சிவப்புக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பிள்ளை ஐந்து நிமிஷமாக ஒரே காதுக்குக் கலர் அடித்தால் என்ன அர்த்தம்?

"பாப்பா, அது வேணுமா?"

"வேணாம்மா. எனக்கு அது வராதுல்ல. நான் சைல்டுல்ல."

அவர் என்னைப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் நீதான் பிளான் போட்டுக் குடுக்குற" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கரிமீன் 620, இரண்டு அப்பம் 120. கூட்டினால் 740, ஐந்து சதவீதம் வரி சேர்த்து 777. மிச்சம் பிடித்த 800-இல் மீதி 23 ரூபாய். அவள் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது அந்த 23 ரூபாயும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மகன் விஷயம் இன்னும் மோசம். அவன் இரண்டு ஃபிங்கர் சிப்ஸ் கடித்துவிட்டு தயிர்சாதம் கேட்டான். அட்டையில் தயிர்சாதம் கிடையாது. கேப்டன் உள்ளே போய்ச் சொன்னார், பத்து நிமிஷத்தில் குழைத்த சோற்றில் தயிர் ஊற்றி, உப்புப் போட்டு, கூடவே ஒரு பப்படத்தோடு வந்தது. பில்லில் ஏற்றவில்லை. மறுநாள் ராத்திரியும் அதேதான். இரண்டு ராத்திரி தயிர்சாதத்துக்கு நான் முன்கூட்டியே கட்டிய காசு 900. சமையல்காரர்கள் சின்னக் குழந்தைக்குக் கஞ்சியோ தயிர்சாதமோ வைத்துத் தரத் தயங்கவே மாட்டார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான். எலெக்ட்ரிக் குக்கரைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்து ரூமில் சாதம் வைக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மறுநாள் காலை ரிசப்ஷனில் மகளை மட்டும் பெரியவர் பிளானுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். சிஸ்டத்தில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். ஒன்பது வருஷமாக இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான், சிஸ்டத்தில் எது மாறும், எது மாறாது என்று எனக்குத் தெரியும். சண்டை போட மனசில்லை. அன்று ராத்திரி எனக்குரிய மெயினாகக் கரிமீனைச் சொல்லி அப்படியே மகள் பக்கம் நகர்த்திவிட்டு, அவளுடைய சீஸ் சாண்ட்விச்சை நான் சாப்பிட்டேன். வருஷம் முழுக்கக் காத்திருந்து போன ஒரே டூர். வெளியே மழை. கையில் ஆறிப்போன சாண்ட்விச்.

அதற்கப்புறம் ஆபீஸில் நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. வயதைக் கேட்கிறேன், அது ரிசார்ட்டுக்காக. கூடவே, "வீட்டுல பையன் ராத்திரி எத்தனை தோசை சாப்பிடுவான்?" என்றும் கேட்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள், பிறகு பெருமையாகச் சொல்கிறார்கள். ஐந்து, ஆறு என்றால் ரிசார்ட்டைக் கூப்பிட்டு அந்தத் தேதியில் பஃபே உண்டா, எத்தனை ரூம் புக் ஆகியிருக்கிறது என்று கேட்டு வைக்கிறேன். பஃபே உறுதி என்றால் பிள்ளை பிளானே போதும், தாராளம். கார்டு என்றால், பத்து வயதுக்கு மேல் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்குப் பெரியவர் பிளானே போடச் சொல்கிறேன். சின்னதற்கு ராத்திரி பிளானே வேண்டாம். அங்கே போய், சாப்பிட்டால் காசு கொடுத்துக்கொள்ளலாம்.

"குழந்தை ஃப்ரீ" என்று ரிசார்ட் விளம்பரத்தில் போட்டிருந்தால் எது ஃப்ரீ என்று இரண்டு தடவை கேளுங்கள். பல இடங்களில் அப்பா அம்மா கட்டிலில் படுத்துக்கொள்வதுதான் ஃப்ரீ, தட்டு ஃப்ரீ இல்லை. டிசம்பர் 24, 31 ராத்திரிகளில் கட்டாய விருந்து என்று தலைக்கு ஒரு தொகை போடுவார்கள், அதில் பிள்ளைகளையும் விட மாட்டார்கள். இதை வைத்துச் செக்-அவுட் கவுன்ட்டரில் குரல் உயர்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேக்கடிக்கு வருகிறவர்கள் மூன்று வேளை பிளான் கேட்டால் நானே தடுத்துவிடுவேன், கமிஷன் போனாலும் பரவாயில்லை. காலை ஏழரைப் படகுக்குப் போகிறவர்கள் ரிசார்ட்டில் இட்லி வெளியே வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மதியம் ஏலத்தோட்டத்திலோ வாகமண்ணிலோ இருப்பார்கள். கட்டின மதியச் சாப்பாட்டை யார் சாப்பிடுவது? ஹவுஸ்போட் என்றால் வேறு. அங்கே சாப்பாடு அதிலேயே அடக்கம், தண்ணீருக்கு நடுவே வேறு கடையும் கிடையாது.

இந்த ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு மூணாறு போனோம். நல்ல குளிர், ரூம் எல்லாம் ஃபுல், பஃபே உறுதி. நானே இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டேன். மகளுக்குப் பன்னிரண்டு, பிள்ளைக் கணக்கில்தான் வருவாள், அதையே போட்டேன். மகனுக்கு ராத்திரிக்கு ஒன்றும் போடவில்லை. தயிர்சாதத்துக்கு இனிமேல் காசு கட்ட மாட்டேன் என்று சபதம்.

ஹாலில் ஒரு மூலையில் தோசை சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகன் போய் அந்தக் கல்லின் முன்னால் நின்றான். முதல் தோசை வாங்கி வந்தான். சரி, குழந்தை, ஒன்றுதானே என்று இருந்தேன். இரண்டாவது வாங்கினான். மூன்றாவதோடு சிக்கன் குழம்பு. நாலாவதற்கு அவன் எழுந்தபோது மேனேஜர் எங்கள் மேஜைக்கு வந்து, பிள்ளைச் சாப்பாடு ஒன்று என்று நோட்டில் குறித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக என் ரூம் நம்பரைக் கேட்டார். மகள் சூப்போடு நிறுத்திவிட்டாள். வயிறு சரியில்லையாம், மதியம் மாட்டுப்பட்டியில் சோளக்கதிர் மூணு தின்றிருக்கிறாள்.

வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. தோசைக் கல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.