ஸ்காலப் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி

ஸ்காலப் என்னும் விசிறி வடிவச் சிப்பி வாங்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மீன்கடைக்குப் போனால் நான் முதலில் விலை கேட்பதில்லை, எப்படிப் பிடித்தது என்றுதான் கேட்பேன். மேற்குக் கரையிலிருந்து காலையில்தான் வந்தது என்பார்கள். சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதாது. ஒரே கடலில் ஒரே ஸ்காலப்பை இரண்டு விதமாக எடுக்கிறார்கள், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒன்று டிரெட்ஜ். இரும்புப் பல் வைத்த சட்டம், அதன் பின்னால் இரும்பு வளையங்களைக் கோத்த பை. படகு இதைக் கடலடியில் ஏர் மாதிரி உழுதுகொண்டே இழுத்துப் போகும். இன்னொன்று, டைவர் உள்ளே இறங்கி ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவது. இங்கே பெரும்பாலான இடங்களில் 105 மில்லிமீட்டர் அகலம் இல்லாத ஸ்காலப்பைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. டைவர் சின்னதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவார். வீட்டில் ஓட்டைத் திறந்தாலே தெரிந்துவிடும். டிரெட்ஜில் வந்ததில் விளிம்பு உடைந்து, சதையின் மடிப்பெல்லாம் மணல் நறநறக்கும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் முழுசாகப் போகாது. கையால் எடுத்தது விலை கூடுதல்தான், நான் குறைவாக வாங்கிக்கொள்கிறேன்.

மணலாவது கழுவினால் கொஞ்சம் போகும், கடலடி அப்படியில்லை. 2017-இல் லோக் காரன் என்ற கடற்கழியில் ஒரு டிரெட்ஜ் படகு புகுந்து, ஃபிளேம் ஷெல் என்னும் செம்மஞ்சள் இழைகள் கொண்ட சிப்பிகள் கட்டியிருந்த படுகையைச் சிதைத்துவிட்டது. அப்போது அது சட்டப்படி குற்றம்கூட இல்லை! அரசு அவசரமாக அந்த இடத்தைப் பாதுகாத்த பிறகு ஆராய்ந்து பார்த்தால், அறியப்பட்டதிலேயே உலகின் மிகப் பெரிய ஃபிளேம் ஷெல் படுகை அதுதானாம். 1889 முதல் கரையிலிருந்து மூன்று மைலுக்குள் இழுவைமடிக்கு, அதாவது படகு கடலடியை ஒட்டி இழுத்துப் போகும் வலைக்கு, தடை இருந்தது, 1984-இல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. அந்தத் தடை திரும்ப வரவேண்டும் என்று கேட்பவர்கள் பக்கம்தான் நான்.

லாங்குஸ்டின் என்னும் நீளக் கொடுக்குள்ள இறால் போன்ற உயிரிலும் இதே கதை. சேற்றில் வளை தோண்டி வாழும் இதை மேற்குக் கரைக்காரர்கள் வெறுமனே 'ப்ரான்' என்றுதான் சொல்வார்கள். இழுவைமடியில் வருவதில் நிறைய வாலை மட்டும் கிள்ளி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஸ்காம்பிக்குப் போகும். க்ரீல் என்கிற கூண்டில் பிடித்தது உயிரோடு வரும். ஒன்றையொன்று கொடுக்கால் கிழித்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில் நிறுத்தி, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் லாரி ஏற்றுகிறார்கள். படகிலேயே சின்னதையும் முட்டை சுமந்ததையும் திரும்பக் கடலில் விட முடிகிறது, போட்டவுடன் வாலை அடித்துக்கொண்டு கீழே போய்விடும். க்ரீலிலும் குறை உண்டு, அதன் கயிற்றில் திமிங்கிலங்கள் சிக்கிக்கொள்கின்றன. மூழ்கும் கயிறு போட்டுப் பார்க்கும் மீனவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

மேக்ரல் எனக்கு உயிர். நம் கானாங்கெளுத்தியின் சொந்தக்கார மீன். ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் நாடுகளுக்குள் ஒத்துப்போகாமல், விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டிப் பிடித்ததால் கடலின் வளம் குறையாமல் பிடித்த மீனுக்குத் தரும் எம்எஸ்சி சான்றிதழ் 2019-இல் அதற்கு நிறுத்திவைக்கப்பட்டது. அப்புறம் நானும் வாங்குவதைக் குறைத்துக்கொண்டேன்.

எதுவும் யோசிக்காமல் வாங்குவது என்றால் கயிற்றில் வளர்த்த மஸல் என்னும் கறுப்பு ஓட்டுச் சிப்பிதான். அதிகமும் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து வருகிறது. தீனி போட வேண்டாம், கடல்நீரை வடிகட்டித் தானே சாப்பிட்டுக்கொள்ளும், கடலடியைக் கீறவும் வேண்டாம், விலையும் கையைக் கடிக்காது. ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பிடித்து இழுத்துவிட்டு, தட்டியும் வாய் மூடாததைத் தூக்கிப்போட்டுவிட்டு, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுச் சட்டியை மூடிவையுங்கள், ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வாய் திறந்திருக்கும். அடியில் நிற்கும் அந்தச் சாற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள்.