அவனை விட்டு வரும் பிள்ளைக்கு முதல் ராத்திரி

காதலித்தவனை நம்பி வீட்டை விட்டுப் போய், அவனிடமே அடிபட்டுக் கிடக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகளோடு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போகிறவர்கள் நாங்கள். முதல் ராத்திரியைச் சரியாகத் தாண்டுவதுதான் பெரிய காரியம்.

போன்தான் காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப் அவன் போனிலும் இணைந்திருக்கும், கூகுள் மேப் இருக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். முந்தின நாளே நிறுத்தினால் சந்தேகப்படுவான்; தெருவைத் தாண்டியதும் போனையே அணைத்துவிட வேண்டும். ஆதார், மார்க் ஷீட் கைக்கு எட்டினால் எடுக்கலாம். அதற்காக ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, இரண்டையும் மறுபடி வாங்கிவிடலாம்.

பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். எழும்பூரில் தனியாக நிற்கும் பிள்ளையிடம் முதலில் வந்து பேசுகிறவர் நல்லவராக இருப்பார் என்று எப்படி நம்புவது? உள்ளூர் பஸ் ஸ்டாண்டிலேயே வெளிச்சமான கடையோரம் நின்று, யார் போனிலிருந்தாவது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். காசு கிடையாது. வயது, நிற்கும் இடம், அடிக்கிறான் என்பது, மூன்றையும் எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டும். பயத்தில் வயதைக் கூட்டிச் சொல்கிற பிள்ளைகள் உண்டு. அது அவர்களுக்கே பாதகம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் ஸ்டேஷனில்தான். “பேசி முடிச்சுக்கலாம்” என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். பாலியல் கொடுமையும் நடந்திருந்தால் அது போக்சோ வழக்கு, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டப்படியான வழக்கு. ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, வாக்குமூலம் எடுக்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. “சம்மதிச்சுத்தானே போனே?” என்பார்கள். 18-க்குக் கீழே அந்தச் சம்மதம் சட்டத்தில் செல்லாது.

அப்படி நடந்திருந்தால், ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடியும்வரை குளிக்கவோ உடுத்திய துணியைத் துவைக்கவோ வேண்டாம். துணியைக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் கட்டித் தடயம் கெட்டுப்போகும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைக் கொடுமை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது.

வீட்டுக்குப் போகவும் பயம் என்றால், பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாதபோது குழுவிடம் அதைப் பிள்ளையே சொல்லட்டும்.

குழு அனுப்பும் இல்லத்தில் சேர்ந்த இரண்டாவது, மூன்றாவது வாரம் திரும்பிப் போகத் தவிப்பாள். அப்போது திட்டினால் போயே விடுவாள். பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும், கைக்கு ஏதாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பணியாரம் போடுகையில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பதுதான் அளவு. மாவில் தண்ணீர் கூடினால் எண்ணெய் குடித்துவிடும். முதலில் கதவோரம் நின்று பார்ப்பாள். “உளுந்து இன்னும் கொஞ்சம் நிக்கும் ஆச்சி” என்று அவளே கையை நீட்டும் நாளில் படிப்புப் பேச்சை எடுக்கலாம். பத்தாவதை விட்டிருந்தால் தனித்தேர்வராக எழுத வைக்கலாம்.