கல்லறைத் திருநாளில் ஏற்காட்டில்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நாங்கள் போனது கல்லறைத் திருநாளுக்கு. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் இறந்தவர்களுக்கான நாள். காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியப்பா மலையிலேயே அடக்கமானவர். பெரியம்மாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். அவர் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை, திருமணப் பேச்சு வரும்வரை!

திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஈர மண். அடுத்த கல்லறையில் நான் இரங்கல் அட்டைகளில் அடிக்கடி பார்த்த வசனம்: "கர்த்தருடைய பரிசுத்தவான்களின் மரணம் அவர் பார்வைக்கு அருமையானது." பைபிளில் 116-ஆம் சங்கீதம்.

எனக்கு உறுத்தியது இதுதான். உயிரோடு இருக்கும்வரை ஒருவரைப் பரிசுத்தவான் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. கல் நட்ட பிறகுதான் துணிகிறோம். பைபிளில் பல சபைகளுக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுல் உயிரோடிருந்தவர்களை அல்லவா அப்படி அழைத்தார்! அதிலும் கொரிந்து நகரத்துச் சபையாரை. கட்சி கட்டினார்கள், சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டான், கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். இத்தனைக்கும் அவர்கள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள், பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்று சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்குகிறார். திட்டெல்லாம் பிறகு வருகிறது. நடத்தை தேறிய பிறகு தரும் பட்டமாக இருந்தால் கொரிந்துக்கு அது கிடைத்திருக்கவே கிடைக்காது. கிறிஸ்துவுக்கு உரியவர்கள் என்பதால் முதலில் பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றபடி நட என்பது அடுத்த பேச்சு.

பிலிப்பி நகரத்துச் சபையாருக்கு எழுதியதில் பரிசுத்தவான்களைச் சொன்ன பிறகுதான் சபையை நடத்தும் கண்காணிகளையும் உதவிக்காரரையும் சொல்கிறார். முடிவில் இராயனுடைய, அதாவது ரோமப் பேரரசனுடைய, அரண்மனையிலுள்ள பரிசுத்தவான்கள் வாழ்த்து அனுப்புகிறார்கள். இராயன் வீட்டார் என்றால் பெரும்பாலும் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும்தான். திருப்பலியில் என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த, காபிக் கறை போகாத விரல்களுடைய எஸ்டேட் அம்மாளை அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது கடினமாக இல்லை.

இதைச் சொன்னபோது பெரியம்மா எளிதில் ஒப்பவில்லை. நான் பரிசுத்தவான் என்பதை அவர் புனிதர் என்பார். புனிதர் என்றால் அவருக்கு அந்தோணியார், சவேரியார், 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற நம் தேவசகாயம். அவர்களோடு யாரையும் சேர்த்து உட்காரவைக்க மனம் வரவில்லை. புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லா விசுவாசிகளுக்கும் உண்டென்று உங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது என்றேன்.

"அப்படியானால் நானுமா?"

"நீங்களும்தான் பெரியம்மா."

"போடா. நேற்றுதான் பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டேன்."

பிலிப்பியிலும் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் மனத்தாங்கலாக இருந்தார்கள், ஒருமனப்படுங்கள் என்று பவுல் கெஞ்சுகிறார், அடுத்த வரியிலேயே தன் உடன்வேலையாட்களின் பெயர்கள் ஜீவபுஸ்தகத்தில், கடவுள் தம்முடையவர்களை எழுதிவைக்கும் ஏட்டில், இருப்பதாகச் சொல்கிறார் என்றேன்.

மெழுகுவர்த்தியைக் காற்றிலிருந்து மறைத்தபடி கேட்டார்: "எதற்குச் சண்டையாம்?"

"அதைப் பவுல் எழுதவில்லை."

"நல்ல மனிதர்" என்றார் பெரியம்மா.