ஐஎன்-12 நிக்ஸி கடிகாரம்: தலைகீழ் ஐந்தும் 2.5 மி.மீ. கால்களும்

ஐஎன்-12 என்ற சோவியத் நிக்ஸி ட்யூபில் 5 எரியும்போது உற்றுப் பாருங்கள். அது 5 அல்ல, மேல்கீழாகப் புரட்டிப் போட்ட 2. இரண்டின் தட்டையான அடி ஐந்தின் தலையாகிவிடும். நேர்கோடு இறங்க வேண்டிய இடத்தில் இடது மூலையிலிருந்து வலப்பக்கம் சரிந்து ஒரு கோடு போகும். 5-க்கென்று தனி அச்சு வேண்டாம், ஓர் அச்சு மிச்சம் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஐஎன்-14-லும் இதே கதை. 40 மி.மீ. உயர எண்கள் கொண்ட ஐஎன்-18-இல் ஒழுங்கான 5 உண்டு, ஆனால் அதன் விலைக்கு ஐஎன்-12 ட்யூபில் ஒரு கடிகாரத்தையே முடித்துவிடலாம். புரட்டிய 5 கண்ணுக்கு உறுத்தும் என்பவர்கள் வாங்குவதற்கு முன்பே யோசிப்பது நல்லது. எனக்கு அதுதான் இந்த ட்யூபின் அழகே.

நிக்ஸி என்பது நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குடுவை. உள்ளே பத்து எண்களும் மெல்லிய உலோகத் தகடுகளாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எந்த எண்ணைத் தரையோடு இணைக்கிறோமோ அதைச் சுற்றி ஆரஞ்சு ஒளி படரும். சோவியத் ஆய்வகக் கருவிகளில் இருந்து கழற்றியவையும், பெட்டி பிரிக்காமல் கிடங்கில் கிடந்தவையும் இன்னும் சந்தைக்கு வருகின்றன. 12ஏ என்றால் வெறும் எண்கள், 12பி என்றால் கூடவே தசமப் புள்ளி. கடிகாரத்துக்கு எது கிடைத்தாலும் சரி, பி வகையில் புள்ளிக்கான 12-ஆம் காலை (இணைப்புக் கம்பியை) சும்மா விட்டுவிடலாம்.

முதலில் மின்சாரம். ட்யூப் பற்றிக்கொள்ள 170 வோல்ட் வரை கேட்கும், எரிய ஆரம்பித்ததும் ஏறக்குறைய 140-க்கு இறங்கிவிடும். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து அவ்வளவு தூரம் ஏற்ற எம்சி34063 ஐசி, அது சொல்லும் வேகத்தில் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், 2 ஆம்பியர் தாங்கும் 100 மைக்ரோ ஹென்றி காயில், யூஎஃப்4004 டயோடு, 4.7 மைக்ரோ ஃபாரட் 250 வோல்ட் கெபாசிட்டர் போதும். வெளிவரும் வோல்டை ஐசிக்குத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக்குக்கு மேலே 220 கிலோ ஓம், கீழே 1.5 கிலோ ஓம். ஐசியின் ஒப்பீட்டு மின்னழுத்தம் 1.25 வோல்ட் என்பதால் கணக்கு 184 வோல்டில் வந்து நிற்கும். 220-ஐ ஒரே ரெசிஸ்டராகப் போடாமல் 110 கிலோவில் இரண்டைத் தொடராகப் போட்டால் சூடும் மின்னழுத்தமும் பங்கு பிரிந்துவிடும்.

இந்தப் பகுதியில் கோளாறு வரும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். கையில் இருக்கிறதே என்று 1என்4007 டயோடைப் போட்டால் அது மெதுவாக அணையும் வகை. பல பத்து கிலோ ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து டயோடு கொதிக்கும், 184-க்குப் பதில் 130, 140 என்று மீட்டர் தடுமாறும். இரண்டாவது இடம், மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால், அதாவது கேட். எம்சி34063 அதை ஏற்றிவிடும், இறக்கத் தெரியாது. கேட்டில் ஒரு சின்ன பிஎன்பி டிரான்சிஸ்டரும் 1 கிலோ ஓமும் சேர்த்து அதை வெளியே இழுக்காவிட்டால் மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையிலேயே நேரம் கழித்துச் சுடும். மணிக்கு இரண்டு, நிமிடத்துக்கு இரண்டு என நான்கு ட்யூபுக்கும் சேர்த்துத் தேவை 2 வாட்டுக்கும் குறைவு. அதில் மாஸ்ஃபெட்டைத் தொட முடியவில்லை என்றால் சர்க்யூட்டில் தப்பு இருக்கிறது, ஹீட் சிங்க் மாட்டி மறைக்க வேண்டாம். (தொடுவது அடாப்டரைப் பிடுங்கி ஐந்து வினாடி கழித்து. ஃபீட்பேக் ரெசிஸ்டர்களே அதற்குள் கெபாசிட்டரை வடித்துவிடும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கமும் கெட்டதில்லை.)

ட்யூபின் நேர்மின் காலான ஆனோடு ஒவ்வொன்றுக்கும் தனியாக 18 கிலோ ஓம். 184-இல் 140 போக மீதி 44 வோல்ட், ஓட்டம் சுமார் 2.5 மில்லி ஆம்பியர். ஒரே ரெசிஸ்டரை நான்கு ட்யூபும் பகிர்ந்துகொண்டால் முதலில் பற்றியது மின்னழுத்தத்தை இழுத்துக்கொள்ளும், மற்றவை பற்றவே பற்றாது.

அடுத்து, எந்த எண் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கே155ஐடி1 சிப். நிக்ஸிக்கென்றே இருந்த அமெரிக்க 74141 சிப்பின் சோவியத் இணை இது. எண் ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்சிஸ்டர் தேவைப்படாமல் செய்வது இதுதான். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சோவியத் சிப்களின் கால் இடைவெளி 2.54 அல்ல, 2.5 மி.மீ. பதினாறு காலுக்கு, ஒரு பக்கத்தில் ஏழு இடைவெளிகளில் 0.28 மி.மீ. மட்டுமே விலகும். லேசாக அழுத்தினால் சாக்கெட்டில் உட்கார்ந்துவிடும். நாற்பது கால் சிப் என்றால் 0.76 மி.மீ. விலகி முரண்டு பிடிக்கும்.

மற்றது மின்சாரக் கால்கள். பதினாறு கால் டிடிஎல் (5 வோல்ட் லாஜிக்) சிப் என்றாலே 16-இல் 5 வோல்ட், 8-இல் தரை என்று கை தானாகப் போகும். இதில் 5 வோல்ட் 5-ஆம் காலில், தரை 12-இல். 16-ஆம் கால் எண் 0-இன் அவுட்புட், 8-ஆம் கால் எண் 2-இன் அவுட்புட். எண்ணை இரும வடிவில் (ஏ = 1, பி = 2, சி = 4, டி = 8) வாங்கும் உள்ளீடுகளும் வரிசையாக இல்லை: 3-இல் ஏ, 6-இல் பி, 7-இல் சி, 4-இல் டி. பி-யும் டி-யும் இடம் மாறினால் ட்யூபே காட்டிக்கொடுத்துவிடும். 0 முதல் 9 வரை ஓடவிட்டால் 0, 1, 8, 9, 4, 5, பிறகு இரண்டு குழப்பமான இடங்கள், கடைசியில் 2, 3 என்று வரும். இதைப் பார்த்ததும் சிப்பைக் குறை சொல்லாமல் ஒயரைப் பாருங்கள்.

ட்யூபின் கால் வரிசை எளிது. 1 ஆனோடு, 2-இல் எண் 0, 3-இல் 9, அங்கிருந்து இறங்கு வரிசையில் 11-இல் எண் 1. கால்கள் பக்கமிருந்து பார்த்து வரைந்த படத்தை அப்படியே பலகையின் மேல்பக்கத்துக்கு எடுத்தால் எல்லாம் கண்ணாடி பிம்பமாகிவிடும். கால்களில் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் இடையிலான ஒட்டு சூட்டில் விரிந்தால் காற்று புகுந்து ட்யூப் செத்துவிடும். இதற்கென்றே உள்ள பழுப்பு நிற சாக்கெட்டை ட்யூபோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

நேரம் காக்க டிஎஸ்3231 சிப், கணக்குக்கு ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கணினிப் பலகை, பதினாறு உள்ளீட்டு ஒயர்களுக்கு (ட்யூபுக்கு நான்கு) இரண்டு 74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப். இந்தப் பகுதியில் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை, ஓடுகிறது. நடுவில் துடிக்கும் புள்ளிகளுக்கு ஐஎன்எஸ்-1 நியான் விளக்கு, ஒவ்வொன்றுக்கும் 270 கிலோ ஓம், அணைத்து ஏற்ற எம்பிஎஸ்ஏ42 டிரான்சிஸ்டர்.

பல ஆண்டு கிடந்த ட்யூபில் சில எண்கள் பாதி மட்டும் எரிந்தன. குறிப்பாக ஒரு 7-இன் தலை இருட்டாகவே இருந்தது. எரியும் தகட்டிலிருந்து சிதறும் உலோகம் எரியாத தகடுகள்மேல் படிந்து வருவது இது. அந்த எண்ணை மட்டும் ஆனோடு ரெசிஸ்டரை 10 கிலோவாகக் குறைத்து விடாமல் எரியவிட்டால் படிவு மெல்ல உதிர்ந்து ஒளி நுனிவரை ஏறும். தகடு சிவக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணியின் பத்தாம் இடத்து ட்யூபுக்கு இந்த ஆபத்து அதிகம். நாள் முழுக்க 0, 1, 2 மட்டுமே எரியும், மீதி ஏழும் படிவு வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால் புரோகிராமில் அதிகாலை 3 மணிக்கு நான்கு ட்யூபிலும் எல்லா எண்களையும் பத்து நிமிடம் சுழலவிட்டிருக்கிறது. பெட்டி இன்னும் தயாராகவில்லை. மரத்தில் செய்தால் மாஸ்ஃபெட்டுக்கும் காயிலுக்கும் மேலே காற்றுத் துளைகள் விட வேண்டும், அதே துளை வழியாக விரல் 184 வோல்டைத் தொடாதபடி 4 மி.மீ.க்குக் குறைவாக.