வடித்தும் திரும்பி வரும் கட்டி

ஆசனவாய்ப் பக்கத்தில் கட்டி வந்து, சீழை வடித்து, ஆறிய பிறகு அதே இடத்தில் மறுபடி வீங்குகிறதா? மூன்றாவது முறை கீறுவதற்கு முன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சீழ்க்கட்டி, பௌத்திரம் என்று வைத்தியம் பார்க்கப்படும் சிலருக்கு உண்மையில் இருப்பது ‘டெயில்கட் சிஸ்ட்’.

கருவில் உருவாகும் வால்பகுதிக் குடல் எட்டாவது வார வாக்கில் மறைந்துவிட வேண்டும். மிச்சம் தங்கினால் மலக்குடலுக்கும் முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம் எலும்புக்கும் நடுவே, பெரும்பாலும் பல அறைகள் கொண்ட நீர்க்கட்டியாகிறது. அபூர்வம்தான், வருவது பெண்களுக்கே அதிகம். பலருக்கு வலியே இருக்காது. சிலருக்கு உட்கார்ந்தால் வலி, மலச்சிக்கல்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனால் நிபுணரைப் பார்க்க மானியக் கட்டணம். எத்தனை முறை வடித்தார்கள் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கொலனோஸ்கோப்பி சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம்: அது குடலின் உட்பக்கத்தைப் பார்ப்பது, கட்டியோ வெளியே. ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்த்தால் பின்சுவரில் வழவழப்பான புடைப்பு தட்டுப்படலாம். நம்மவர்கள் கூச்சப்பட்டுத் தவிர்ப்பது இந்தச் சோதனையைத்தான்.

எம்ஆர்ஐயில் நீரைப் பளிச்சென்று காட்டும் டி2 வகைப் படங்களில் கட்டி வெள்ளையாகத் தெரியும். சுவர் ஒழுங்கில்லாமல் தடித்திருந்தாலோ, உள்ளே திடமான பகுதி இருந்தாலோ புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். மலக்குடல் வழியாக ஊசி குத்திச் சதை எடுப்பது மட்டும் கூடாது. கிருமி உள்ளே போகும்; புற்று இருந்தால் ஊசித் தடத்தில் பரவலாம்; அது முதுகுத்தண்டு உறையின் பிதுக்கமாக இருந்துவிட்டால் மூளைக்காய்ச்சல்வரை போகும்.

தீர்வு, சுவரோடு முழுசாக எடுப்பது. கட்டி மூன்றாவது சேக்ரம் எலும்புக்குக் கீழே இருந்தால் பின்பக்கமாக: குப்புறப் படுக்கவைத்து, வால் எலும்பை ஒட்டிக் கீறி, தேவைப்பட்டால் அந்த எலும்பையும் எடுப்பார்கள். சில மருத்துவர்கள் இரட்டைக் கையுறை போட்ட விரலை மலக்குடலுக்குள் விட்டுக் கட்டியை வெளிப்பக்கம் தள்ளிக்கொள்வார்கள். மலக்குடல் சுவர் எங்கே என்பதும் விரலுக்குத் தெரியும். மேலே இருந்தால் வயிற்று வழியாக, லாப்ரோஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) அல்லது ரோபோ. சிக்கல் வரும் இடங்கள் மூன்று: மலக்குடலில் ஓட்டை, சேக்ரத்துக்கு முன்னுள்ள சிரைகளில் ரத்தக்கசிவு, சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளில் காயம். கடைசியில் அறுத்த இடத்தில் நீர் விட்டு, மலக்குடலுக்குள் காற்றடித்து, ஓட்டை இருந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

சுவரில் துண்டு மிஞ்சினால் திரும்ப வரும். அதனால் நோயியல் அறிக்கையைக் கேட்டு வாங்கி, கட்டி முழுசாக வந்ததா, புற்று அணுக்கள் உண்டா என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள்.