அரசுப் பள்ளியில் வாகனப் பணிமனை: ஊர் தந்ததைப் பெற்றுக்கொள்ளப் பட்ட பாடு

ஊர் கூடிக் கொடுக்க முன்வந்த பொருள்களை ஓர் அரசுப் பள்ளி முறைப்படி பெற்றுக்கொள்வதற்கு இத்தனை இடர்கள் இருக்கும் என்று தொடக்கத்தில் எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. இதே முயற்சியில் இறங்கும் வேறு பள்ளியினருக்கு எங்கள் அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் தழைத்த வட்டாரத்தில் இருக்கிறது. பாடி கட்டும் கூடங்களும் டீசல் பம்பு பழுதுபார்க்கும் பட்டறைகளும் சாலையின் இருபுறமும் நிறைந்த இப்பகுதியில், மேல்நிலை வகுப்பில் முன்பு இருந்த ‘அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல்’ தொழிற்கல்விப் பிரிவு, அதன் பயிற்றுநர் ஓய்வு பெற்றபின் பணியிடம் நிரப்பப்படாததால் மாணவர் சேர்க்கை இன்றி நின்றுபோயிருந்தது. தொழிற்கல்விப் பிரிவில் தேறும் மாணவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால், பத்தாம் வகுப்போடு கிளீனர் வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு உண்மையான ஒரு வழியாக இருந்தது. அதை மீட்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான், 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டு முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தபோது, நான் உறுப்பினராகச் சேர்ந்தேன். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. தலைமையாசிரியரும் துணை நின்றார்.

முதல் முட்டுக்கட்டை பூட்டிக் கிடந்த பழைய பணிமனைக் கொட்டகையில்தான் வந்தது. அதைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்று போனால், உள்ளே இருக்கும் பொருள்கள் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்காமல் எதையும் நகர்த்தக்கூடாது என்று கல்வி அலுவலகத்தில் தடுத்துவிட்டார்கள். விதி சரியானதுதான், அரசுப் பொருளுக்குக் கணக்கு வேண்டும். ஆனால் அந்தப் பதிவேடு எங்கே என்று கேட்டபோது பள்ளியில் இருக்கும் என்று ஒரு மேசையிலும், தணிக்கைக்குப் போனது திரும்பியிருக்காது என்று அடுத்த மேசையிலும் பதில் வந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தப் பிரிவின் எழுத்தர் விடுப்பில் இருந்தார், அல்லது கோப்பு வேறு பிரிவில் இருந்தது. வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருந்த வரை எதுவும் நடக்கவில்லை. தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு, “பதிவேடு கிடைக்கவில்லை எனில் புதிய இருப்புப் பட்டியல் தயாரிக்க அனுமதி வேண்டும்” என்று எழுத்தில் கேட்டு, தபால் பிரிவில் ஒப்புகை முத்திரை வாங்கிய பிறகுதான் கோப்பு அசைந்தது.

இந்தக் கட்டத்தில் எங்களைக் காப்பாற்றியவர் ஓய்வு பெற்ற அந்தப் பழைய பயிற்றுநர். வெட்டுத்தோற்ற எஞ்சின் மாதிரி, துளையிடும் எந்திரம், வைஸ் பொருத்திய மேசைகள் என ஒவ்வொன்றையும் தானே அடையாளம் காட்டி, எது பள்ளி வாங்கியது, எது அந்நாளில் பட்டறைக்காரர்கள் கொடுத்தது என்பதையும் சொல்லி எழுதவைத்தார். தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகப் பிரதிநிதி, அவர் என மூவர் கையொப்பமிட்ட பட்டியலும், தேதி தெரியும்படி எடுத்த படங்களும் இணைக்கப்பட்டதால் ஏற்பு கிடைத்தது. துருப்பிடித்தவற்றைக் கழிவு செய்யத் தனி முன்மொழிவு போனது. பூட்டிய அறை எதையும் திறப்பதற்கு முன் இதுபோல மூவர் பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிடுங்கள். அது இல்லாமல் ஒரு ஸ்பேனரைக்கூட வெளியே எடுக்காதீர்கள்.

பொருள் திரட்டுவதில் சிரமமே இல்லை. சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், பழைய இருசக்கர வாகன எஞ்சின்கள் எல்லாம் சில வாரங்களில் வந்து குவிந்தன. கூரையைச் சீர்செய்ய வேண்டிய பணத்தை ரொக்கமாக எவர் கையிலும் வாங்காமல், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவே செலுத்தச் சொன்னோம். அந்தப் பகுதி தடையின்றி முடிந்தது.

பெருந்துன்பம் தந்தது ஒரு மாருதி 800 கார். ஊர்க்காரர் ஒருவர் காலமான தம் தந்தையின் காரை, “பிள்ளைகள் பிரித்துப் பூட்டிப் பழகட்டும்” என்று மனமுவந்து கொடுத்தார். அந்தப் பழைய காரின் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் எளிமையானது. உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கும். கற்றுக்கொள்வதற்கு அதைவிடப் பொருத்தமான வண்டி அரிது. ஆனால் ஆர்.சி. புத்தகம் இன்னும் தந்தையின் பெயரில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்த கடனுக்கு வண்டி அடமானம் என்று காட்டும் ஹெச்.பி. குறிப்பும் அதில் நீக்கப்படாமல் இருந்தது. பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்துவிட்டதால் பதிவு தானாகவே ரத்தாகியிருக்கும் என்று பலரும் சொன்னார்கள். அது தவறு. காலம் முடிந்தால் வண்டியைச் சாலையில் ஓட்டத்தான் கூடாதே ஒழிய, ரத்து செய்யப்படும் வரை பதிவு ஏட்டில் உரிமையாளர் பெயர் அப்படியே நிற்கும்; நாளை அந்த எண்ணில் ஏதேனும் வில்லங்கம் வந்தால் காரைக் கொடுத்த குடும்பத்தைத்தான் கேட்பார்கள். நல்ல மனத்தோடு கொடுத்தவர்களை அந்த நிலையில் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்த வாகனத்தைப் பற்றி உரிமையாளர் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வழி சொல்கிறது. ஆனால் உரிமையாளரே உயிரோடு இல்லையே! முதலில் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் படிவம் 35-இல் கடன் நிறுவனத்தின் முத்திரையோடு ஹெச்.பி. நீக்கம் வேண்டும், அந்த நிறுவனமோ வேறொன்றோடு இணைந்து பெயரே மாறிவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக முகப்பில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் ஒரு குறையை மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பினார்; எல்லாக் குறைகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அது தம் வேலையில்லை என்றார். அதன் வலி இன்னும் ஆறவில்லை. அந்த வாரிசு கூலிக்கு லாரி ஓட்டுபவர்; ஒவ்வொரு முறையும் ஒரு நாள் நடையை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். தானம் கொடுத்தவரைத் தண்டிப்பதுபோல இருந்தது அது.

கடைசியில், நிறுவனம் இணைந்ததற்கான ஆவணத்தோடு புதிய நிறுவனத்தின் தடையின்மைச் சான்றை வாங்கிக்கொண்டு, முகப்பைத் தாண்டி அலுவலரை நேரில் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டு, எஞ்சினைக் கழற்றித் தனிச் சட்டத்தில் பொருத்திவிட்டு, சேஸி எண் பொறித்த பகுதியை வெட்டி ஒப்படைத்தால் வாகனம் சாலைக்குத் திரும்பாது என்பது உறுதியாகும் என்று வழி காட்டினார். அப்படியே செய்தோம், ரத்து ஆணை கைக்கு வந்தது. இனிமேல் யாராவது முழு வாகனம் தருவதாகச் சொன்னால், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, ஹெச்.பி. நீங்கியிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே சரி என்று சொல்வோம். தனி எஞ்சினாகவோ கியர்பாக்ஸாகவோ ரசீதோடு கிடைத்தால் அதுவே மேல்.

பொருள் எதுவானாலும் நன்கொடைக் கடிதம் ஒன்று வாங்குங்கள். பொருளின் விவரம், வரிசை எண் இருந்தால் அந்த எண், நிபந்தனையின்றித் தருவதாக ஒரு வரி, கொடுப்பவர் கையொப்பம் ஆகியவை அதில் இருந்தால் போதும். பட்டறை ஒன்று இரவலாகத் தந்த கம்ப்ரசர் நன்கொடைப் பட்டியலில் கலந்துவிட்டதால், அதைத் திருப்பிக் கொடுப்பதற்கே தனிக் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டது. இரவல் பொருளுக்குத் தனி ஏடு வையுங்கள்.

கற்பிக்க ஆள் தேடுவது அடுத்த கவலை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒப்புக்கொண்டார். பாடவேளையில் வெளியார் கற்பிக்க அனுமதி இல்லை என்று மறுப்பு வந்ததால், பள்ளி நேரம் முடிந்தபின் திறன் பயிற்சியாக, ஓர் ஆசிரியர் உடனிருக்க, பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு நடத்துவது என்று மாற்றினோம். அவருக்கான காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் முன்கூட்டியே வாங்கினோம். பிள்ளைகளோடு பழகும் எவருக்கும் இதைக் கேட்பதில் தயக்கம் கூடாது. சில மாணவிகள் சேர முன்வந்தபோது வீட்டில் எழுந்த தயக்கத்தை, அவர்களின் அம்மாக்களைக் கொட்டகைக்கே அழைத்துவந்து காட்டித்தான் போக்க முடிந்தது.

பாதுகாப்பில் அந்தப் போக்குவரத்துக் கழகப் பெரியவர் காட்டிய கண்டிப்பை இங்கே பதிவு செய்தாக வேண்டும். “பசங்க கையில ஸ்பேனரக் குடுக்கறதுக்கு முன்னாடி, ஜாக்குக்குப் பக்கத்துல ஸ்டாண்டு வைக்கக் கத்துக் குடுக்கோணுமுங்க” என்றார். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுப்பதில்லை. கொட்டகையில் இருந்த பழைய குழியை மூடச் சொன்னவரும் அவரே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் குழியில் தங்கும், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. எஞ்சினை இயக்கும்போது புகைக்குழாயில் நீண்ட குழாய் பொருத்திப் புகையை வெளியே விடுகிறோம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். கழிவு எண்ணெய் அபாயக் கழிவாக வகைப்படுத்தப்பட்டது. சாக்கடையில் ஊற்றாமல், காயலாங்கடைக்கும் கொடுக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும்.

பழைய கார்புரேட்டர் எஞ்சினிலேயே பயிற்சி நின்றுவிட்டால் பயனில்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை வரம்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், இன்று பட்டறைக்கு வரும் புதிய இருசக்கர வாகனங்கள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் சென்சார்களும் கொண்டவை; மல்ட்டிமீட்டரும் வண்டியின் மின்னணுக் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரும் இல்லாமல் அவற்றின் பழுதைக் கண்டறிய முடியாது. ஒரு ஸ்கேனர் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் அலைச்சலை அருகிலிருந்து பார்த்த பட்டறை உரிமையாளர்கள் சேர்ந்து புதிதாகவே வாங்கி, நன்கொடைக் கடிதத்தையும் தாங்களே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மாருதியின் எஞ்சினைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் முழுதும் பிரித்து, வால்வுகளைத் தேய்த்து, ஹெட் கேஸ்கெட் மாற்றிப் பூட்டினார்கள். இயக்கிய அன்று மூன்று சிலிண்டரும் சீராக ஓடின.

தொழிற்கல்விப் பிரிவை முறைப்படி மீண்டும் தொடங்குவதற்கான கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. இருப்புப் பட்டியல், குழுவின் தீர்மானம், சேர விரும்பும் மாணவர்களின் பெற்றோர் சம்மதக் கடிதங்கள், பணிமனையின் படங்கள் ஆகியவற்றை அதனுடன் இணைத்திருக்கிறோம். பயிற்றுநர் பணியிடத்துக்கான ஆணை இல்லாமல் பிரிவைத் திறக்க முடியாது என்பதால், அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குவதற்குள் அந்த ஆணையைப் பெறுவதற்கே இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம். நின்றுபோன பிரிவை மீட்டெடுத்த பள்ளி எதுவாயினும், எந்த நிலையில் எந்த ஆவணம் கேட்கப்பட்டது என்பதை எழுதினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.