கண்ணாடியில் தெறித்த நுரை

"முடிஞ்சது டீச்சர்!" என்று டவுன் சின்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ள 11 வயதுப் பையன் இன்று வாய் நிறைய நுரையோடு சொன்னபோது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் வகுப்பின் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் தெறித்தன.

நான்கு மாதங்களாக அவன் பின்னால் நின்று, அவன் கைமேல் என் கையை வைத்துப் பல் துலக்கப் பழக்கினேன்; பிரஷ் நழுவாமலிருக்க அதன் பிடியில் சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டியிருந்தோம்.

கடைசிப் படியான துப்புவதை முதலில் அவனிடம் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய படிகளையும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அவனிடமே விட்டு வந்தோம்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ஈறு நோய் இளம் வயதிலேயே வர வாய்ப்பு அதிகம். பல்வலியைச் சொல்லத் தெரியாமல் சோற்றைத் தள்ளிவிடும் பிள்ளையை அடம்பிடிக்கிறது என்று திட்டிவிடுகிறோமே, அதுதான் என் மனத்தை அறுக்கிறது.

ஃபுளோரைடு பற்பசை, 2 நிமிடம், நாளுக்கு 2 முறை என்று அவன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

அவர் பையனின் நனைந்த சட்டைக் கையை மடித்துவிட்டபடி, "இனி ராத்திரியும் அவனே செய்யட்டும் டீச்சர்" என்றார்.